பின் டயர் ஒன்பது மாதத்தில் மொட்டை: முன்னும் பின்னும் மாற்றிப் போடலாமா?

அரவேனு_டீச்சர் · ஞாயிறு காலை 7.40

வணக்கம். கோத்தகிரியில் வீடு, அரவேனு பக்கம் ஒரு பள்ளியில் வேலை. காலையில் இறக்கம், சாயங்காலம் ஏற்றம். கியர் சைக்கிள், 26 × 1.95 டயர், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக். வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. பின் டயரின் நடுவில் பட்டனே மிச்சமில்லை. ஒரு இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ரப்பர் போய் உள்ளே வெள்ளை நூல் தெரிகிறது. தார் ரோட்டில் மெதுவாகப் போனால் அந்த இடம் தரையைத் தொடும்போதெல்லாம் தப் தப் என்று தட்டுகிறது. முன் டயர் மட்டும் போன வாரம் வாங்கியது மாதிரி இருக்கிறது.

முன் டயரைப் பின்னால் போட்டு, பின் டயரை முன்னால் போட்டால் இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நல்ல டயர் வாங்க மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும், அதனால் எனக்கும் அந்த யோசனை சரியாகத்தான் படுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பூம்பாறைப்பூண்டு · ஞாயிறு காலை 8.05

தாராளமா மாத்தலாம் டீச்சர். நான் கொடைக்கானல் பக்கம். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை முன்னாடி பின்னாடி மாத்திக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டும் சமமா தேயுது, ரெண்டையும் ஒண்ணா தூக்கிப் போடலாம். கார்ல மாத்துற மாதிரிதான்.

பழையபம்பு_குன்னூர் · ஞாயிறு காலை 9.30

டீச்சரம்மா, தயவுசெய்து அந்த டயரை முன்னால் போடாதீர்கள். நூல் தெரிகிறது என்கிறீர்கள். அதைப் பின்னாலேயும் இனி ஓட்டக் கூடாது. நாளைக்குப் பள்ளிக்கு பஸ்ஸில் போங்கள்.

நான் குன்னூரில் 31 வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவன். இந்த ஒரு விஷயத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும். நமக்கு ஒரு மூச்சு விட நேரம் கிடைக்கும், காலை ஊன்றலாம், பிரேக்கை விடலாம். முன் சக்கரம் வழுக்கினால் அந்த மூச்சு கிடைக்காது, ஹேண்டில்பார் கையை விட்டுப் போன பிறகுதான் வழுக்கியதே தெரியும். கொண்டை ஊசி வளைவில் எதிரே தேயிலை லாரி வரும்போது அப்படி விழுந்தவர்களை நான் கையால் தூக்கியிருக்கிறேன். டயர் வெடித்தாலும் இதே கதைதான். பின்னால் வெடித்தால் ரிம் கெடும், ஆள் பெரும்பாலும் நின்றுவிடுவார். முன்னால் வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே எப்போதும் நல்ல டயர் முன்னால். பின் டயர் தேய்ந்து முடிந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் போடுங்கள். புதுசு வாங்கி முன்னால் போடுங்கள். பூம்பாறைத் தம்பி சொல்கிற முறையில் ஒரு பைசா மிச்சமில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து தேய்க்கிற ரப்பர் அதேதான். அவர் முறையில் ஒரே நாளில் இரண்டு டயர் வாங்க வேண்டும், அதுவரைக்கும் முன்னால் பாதி தேய்ந்த டயரோடு வத்தலக்குண்டு இறங்க வேண்டும். என் முறையில் ஒவ்வொரு தடவையும் ஒரே டயர்தான் செலவு, முன்னால் எப்போதும் பட்டன் உள்ள டயர். முன் டயர் தேயாமலே வருஷக்கணக்கில் கிடந்து வெடிப்பு விடுவதும் இருக்காது.

பூம்பாறைப்பூண்டு · ஞாயிறு காலை 9.52

ஐயா, இது வரைக்கும் இப்படி யோசிச்சதில்லை. ஆனா ஒரு சந்தேகம். இறக்கத்துல பாரம் முன்னாடிதானே சாயுது? அப்போ நம்ம மலையில முன் டயர்தானே அதிகமா தேயணும்?

பழையபம்பு_குன்னூர் · ஞாயிறு காலை 10.20

நல்ல கேள்வி. சம ரோட்டில் உட்கார்ந்து ஓட்டினால் நம் பாரத்தில் ஏறக்குறைய அறுபது பங்கு பின் சக்கரத்தில், நாற்பது பங்கு முன்னால். ஏற்றத்தில் இன்னும் பின்னுக்குப் போகும். அதற்கு மேல் மிதிக்கிற மிதி முழுவதையும் ரோட்டுக்குக் கடத்துவது பின் டயர் ஒன்றுதான். சின்ன கியரில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் அது தரையை லேசாகச் சுரண்டும். அதனால் பொதுவாகப் பின் டயர் இரண்டு மடங்கு சீக்கிரம் தேயும்.

இறக்கத்தில் நீ சொல்வது சரி, பாரம் முன்னால் வரும். ஆனால் உருண்டுகொண்டே வேகம் குறைகிற டயர் அவ்வளவு தேயாது. நின்றுபோய் இழுபடுகிற டயர்தான் தேயும். இழுபடுவது எப்போதும் பின் டயர், ஏனென்றால் பாரம் குறைந்த பக்கம் அதுதான், லேசாகப் பிடித்தாலே நின்றுவிடும்.

டீச்சரம்மா, ஒன்று கேட்கிறேன். நீங்கள் இறக்கத்தில் எந்தப் பிரேக் பிடிக்கிறீர்கள்?

அரவேனு_டீச்சர் · ஞாயிறு காலை 11.15

பின் பிரேக் மட்டும்தான் ஐயா. சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தது: முன் பிரேக் பிடித்தால் தூக்கிக் குப்புறத் தள்ளிவிடும் என்று. முன் பிரேக்கை நான் தொட்டதே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

பழையபம்பு_குன்னூர் · ஞாயிறு காலை 11.40

நினைத்தேன். அந்தக் கட்டைவிரல் நீளத் தேய்மானம் ஒரே நாளில், ஒரே பிடியில் வந்திருக்கும். மாடு குறுக்கே வந்ததா, பஸ் திரும்பியதா, ஏதோ ஒரு நாள் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து டயர் நின்றபடியே இழுபட்டிருக்கிறது. சக்கரம் நின்றால் தரையில் படுவது ஒரே இடம்தான், அந்த ஒரு இடம் முழு வண்டிக்கும் பதில் சொல்லும். ஒன்பது மாத ரப்பர் நாலு மீட்டரில் போய்விடும்.

உங்கள் அப்பா சொன்னது பாசத்தில் சொன்னது, அதில் உண்மையும் உண்டு. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் தூக்கும்தான். ஆனால் வண்டியை உண்மையில் நிறுத்துகிற பிரேக் முன் பிரேக்தான். பழக வேண்டும். பள்ளி மைதானத்தில், காய்ந்த தரையில், மெதுவான வேகத்தில், இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். பிடிக்கும்போது இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளுங்கள், கை நீண்டிருக்கட்டும். ஒரு வாரத்தில் வந்துவிடும். ரோட்டில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுத் திரும்புங்கள். வளைவுக்குள் பிடித்தால் டயர் திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் அது நன்றாகச் செய்யும். ஓரத்து மண், ஈர இலை, சாந்து கொட்டிய இடம் ஆகியவற்றில் முன் பிரேக்கில் கை லேசாகவே இருக்கட்டும்.

சிறுவாணிச்சக்கரம் · ஞாயிறு மாலை 4.10

கோவையிலிருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், உடம்பு இடம் கொடுத்தால் ஊட்டி வரைக்கும் ஏறுகிற கூட்டம் நாங்கள். டயர் 700 × 28.

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. தேய்மானத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி வெடிப்பு விடும். குழியில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு அங்கேயே தேயும், ஈரத்தில் பிடிப்பும் குறையும்.

கூட இன்னொன்று. எங்கள் குழுவில் மலை ஏறும் முன் டயரின் காற்றழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. இறக்கிவிடுவோம். மேலே காற்றழுத்தம் குறைவு, டயர் உப்பி வெடிக்கும் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது.

அரவேனு_டீச்சர் · ஞாயிறு மாலை 6.30

சைக்கிளில் நான் கற்றுக்குட்டி, ஆனால் நடத்துவது இயற்பியல். இதற்குக் கணக்கு போட்டுவிடலாம் சார்.

மேட்டுப்பாளையத்தில் வெயில் 35 டிகிரி, டயரில் கேஜ் 60 பி.எஸ்.ஐ. காட்டுகிறது என்று வையுங்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. அங்கே வெளிக்காற்று சுமார் 14. ஆக உள்ளே மொத்தம் 74. ஊட்டி 2240 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று சுமார் 11. வெப்பம் மாறாமல் இருந்தால் கேஜ் 63 காட்டும். நீங்கள் பயந்தது இந்த 3 பி.எஸ்.ஐ.க்குத்தான், அதற்காக எந்த டயரும் வெடிக்காது.

ஆனால் ஊட்டியில் 35 டிகிரி ஏது? 15 என்று வைத்தால் உள்ளே இருக்கும் 74, குளிரில் சுருங்கி 69 ஆகிவிடும். வெளிக்காற்றைக் கழித்தால் கேஜில் 58. ஏறினதற்குப் பிறகு காற்று கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது! நீங்கள் முன்கூட்டியே 10 இறக்கினால் மேலே 49-ல் ஓட்டுகிறீர்கள், குளிரில், குழி ரோட்டில்.

சிறுவாணிச்சக்கரம் · ஞாயிறு இரவு 8.02

டீச்சர், இரண்டு தடவை வாசித்தேன். சரிதான். போன மாதம் பர்லியாறு தாண்டி எங்களில் இருவருக்கு ஒரே நாளில் அந்தப் பாம்புக்கடி ஓட்டை. ரோட்டைத்தான் திட்டினோம். இனி இறக்க மாட்டோம்.

மஞ்சூர்28 · திங்கள் காலை 6.15

நான் ஓட்டுவது 28 × 1½ பழைய சைக்கிள், கம்பி பிரேக், கேரியரில் எப்போதும் ஒரு மூட்டை. என் வழக்கம் நாலைச் சொல்கிறேன், ஆகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வீடு வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு சக்கரத்தையும் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். இது இரண்டு நிமிஷ வேலை. கண்ணாடித் தூள், கல்துண்டு ரப்பரில் பதிந்திருந்தால் ஊக்கால் குத்தி எடுத்துவிடுவேன். அன்றைக்கே எடுத்தால் ஒன்றுமில்லை. விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மயிரிழை உள்ளே போய் நாலாம் நாள் டியூபைத் தொடும். மழைக்காலத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஈர ரப்பரைக் கண்ணாடி வெண்ணெய் மாதிரி வெட்டும். 2022-ல் நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று வந்த பிறகு எங்கள் பக்கம் ரோட்டோரக் கண்ணாடி நன்றாகவே குறைந்திருக்கிறது. அந்த ஒரு காரியம் என் டயருக்குச் செய்த நன்மை பெரிது. இப்போது என்னைத் தொல்லை செய்வது லாரி டயர் கிழிந்து சிதறும் மெல்லிய கம்பித் துணுக்கு. கண்ணுக்குத் தெரியாது, கையை வைத்துத் தடவினால்தான் தட்டுப்படும், துணியைச் சுற்றிக்கொண்டு தடவுங்கள்.

டயரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பவர்களைப் பார்க்கிறேன். செய்யாதீர்கள். எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ரப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். தண்ணீரும் துணியும் போதும். வெயிலில் நிறுத்துவதும் அப்படியே. குளிராக இருக்கிறதே என்று நினைப்போம், ஆனால் உயரம் கூடக் கூட வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல. ஓட்டாத நாளில் வண்டி நிழலில் நிற்கட்டும், காற்று இல்லாத டயரில் பாரம் நிற்க வேண்டாம்.

கம்பி பிரேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. குந்தா மழையில் நான் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். வெட்கமில்லை.

பழையபம்பு_குன்னூர் · திங்கள் காலை 8.45

மஞ்சூர்க்காரர் சொன்னது ஒவ்வொன்றும் பொன். நான் ஒன்று சேர்க்கிறேன். எஸ்டேட் பாதையில் குறுக்குவழி போகிறவர்கள், தேயிலை கவாத்து வெட்டிய பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள். சாய்வாக வெட்டிய தேயிலைக் குச்சி காய்ந்தால் ஆணி மாதிரி. அது நடு ரப்பரில் குத்தாது, மெல்லிசான பக்கச்சுவரைத்தான் கிழிக்கும். கவாத்து சமயத்தில் என் கடைக்கு வந்த டயரில் பாதி அப்படிக் கிழிந்து வந்ததுதான். நடுவில் பட்டன் எல்லாம் அப்படியே இருக்கும், ஓரம் இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கும். பார்க்கவே வயிறு எரியும்.

பூம்பாறைப்பூண்டு · திங்கள் இரவு 9.10

எனக்கு நடந்ததையும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். போன மே மாசம் கொடைக்கானல்ல இருந்து பெருமாள்மலை, ஊத்து வழியா வத்தலக்குண்டு இறங்கினேன். முன்னாடி ஒரு கார் மெதுவா போச்சு, முந்த முடியல, அரை மணி நேரத்துக்கு மேல பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தேன். அடிவாரம் நெருங்கையில பின்னாடி துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். ரிம்மைத் தொட்டேன், விரல் கொப்பளிச்சிருச்சு. டயர்ல ஒரு கீறல்கூட இல்ல. டியூபைக் கழட்டிப் பார்த்தா, உள்பக்கம் மிளகு மிளகா புடைப்பு, ஒவ்வொரு போக்ஸ் கம்பி ஓட்டைக்கும் நேரா ஒண்ணு. அதுல ஒண்ணு பிளந்திருந்துச்சு. ரிம் உள்ள ஓடுற பிளாஸ்டிக் பட்டை சூட்டுல இளகி ஓட்டைக்குள்ள போயிருக்கு. ஓட்டைகள் மேல டியூப் நேரா உட்கார்ந்திருக்கு.

அரவேனு_டீச்சர் · திங்கள் இரவு 9.45

கடவுளே, பின் சக்கரமாகப் போனது தம்பி. அந்தச் சூடு எவ்வளவு என்று பார்த்தேன். வண்டியும் ஆளுமாக 80 கிலோ, இறக்கம் சுமார் 1800 மீட்டர். ஏறத்தாழ 14 லட்சம் ஜூல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். கொஞ்சம் வேகமாக வந்தால் எதிர்க்காற்று அதில் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாகப் பிடித்துக்கொண்டே வந்தால் காற்று ஒன்றும் வாங்காது, அத்தனையும் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும்தான்.

பழையபம்பு_குன்னூர் · செவ்வாய் காலை 7.30

இதைத்தான் நான் இத்தனை வருஷம் வார்த்தையில் சொல்லத் தெரியாமல், ‘பிடி, விடு, பிடி, விடு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் கணக்கில் காட்டிவிட்டார். காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஓரம் கட்டி நில்லு தம்பி. கார் போகட்டும். ரிம்மில் தண்ணீர் ஊற்றாதே, தானாக ஆறட்டும். டியூபில் ஒட்டுப் போட்டிருந்தால் அதன் சொலூஷனும் இந்தச் சூட்டில் இளகும், அதனால் பெரிய இறக்கத்துக்கு ஒட்டில்லாத டியூப் போடு. ரிம்முக்குள் துணிப் பட்டை ஒட்டு, பிளாஸ்டிக் வேண்டாம். டிஸ்க் பிரேக் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, சூடு தட்டோடு நின்றுவிடும், டயருக்கு வராது.

டீச்சரம்மா, நீங்களும் ரிம் பிரேக்தான். இதுவரை தொடாத முன் பிரேக்கை இனிமேல் பிடிக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால் கட்டை எங்கே உட்காருகிறது என்று ஒரு தடவை பாருங்கள். இரண்டு கட்டையும் முழுக்க ரிம்மின் மேல் மட்டும் பட வேண்டும். டயரைத் தொடவே கூடாது.

அரவேனு_டீச்சர் · செவ்வாய் மாலை 5.50

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். கை நடுங்குகிறது.

இடது கட்டை கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கை விட்ட நிலையிலும் அதன் மேல் ஓரம் டயரைத் தொட்டபடி இருக்கிறது. முன் டயரின் இடது பக்கச்சுவரில், ரிம்முக்கு ஒரு சுண்டுவிரல் அகலம் மேலே, சுற்றிலும் ஒரு கோடு. யாரோ காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. ஒரு இடத்தில் நகத்தால் தொட்டுப் பார்த்தேன். ரப்பர் இல்லை, நூல் பிசிறு பிசிறாக வருகிறது. பட்டனை மட்டும் பார்த்துப் புதுசு என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இந்த டயரைத்தான் பின்னால் போட்டு ஆறு மாதம் ஓட்ட நினைத்தேன்.

உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஓட்டலாமா?

பழையபம்பு_குன்னூர் · செவ்வாய் மாலை 6.05

வேண்டாம் அம்மா. உள்ளே துண்டு வைப்பது நடுவழியில் கிழிந்தால் வீடு வந்து சேர மட்டும். அதுவும் சம ரோட்டில். நூல் போன பக்கச்சுவர் இனிமேல் காற்றைத் தாங்கும் சுவரே கிடையாது. இரண்டு டயரும் மாற்றுங்கள். செலவுதான், தெரியும். முன்னால் போவது நல்ல டயராக இருக்கட்டும், பின்னாலுக்குச் சுமாரானது போதும்.

கடையில் வெறும் 26 என்று கேட்காதீர்கள், 26-லேயே ஒன்றுக்கொன்று சேராத அளவுகள் உண்டு. உங்கள் டயரின் பக்கத்தில் 559 என்று முடிகிற எண் இருக்கும். பழைய லேடீஸ் சைக்கிளின் 26 × 1⅜ டயர் 590. கடைக்காரர் அவசரத்தில் அதைக் கொடுத்துவிட்டால் திரும்ப மலை ஏறி வந்த பிறகுதான் தெரியும்.

அரவேனு_டீச்சர் · சனி மாலை 7.20

மேட்டுப்பாளையம் போய் இரண்டும் வாங்கி வந்தேன். 559 பார்த்துத்தான் வாங்கினேன். முன்னால் பட்டன் ஆழமானது, பின்னால் நடுவில் தொடர்ச்சியாகக் கோடு ஓடுகிற தார் ரோட்டு டயர். கட்டையை நானே இறக்கி வைத்தேன். டயருக்கும் கட்டைக்கும் நடுவே இப்போது ஒரு தீக்குச்சி நுழைகிறது. பம்பும் கேஜ் வைத்தது. பின்னால் 45, முன்னால் 40 அடித்திருக்கிறேன். மைதானத்தில் மூன்று நாள் முன் பிரேக் பழகினேன், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணிக்கொடுத்தார்கள். திங்கள் காலை அரவேனு இறங்கலாமா ஐயா?

பழையபம்பு_குன்னூர் · சனி இரவு 8.00

இறங்குங்கள். காற்று அளவு சரி. புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு முதல் கொஞ்ச தூரத்துக்கு இருக்கும். நாளைக்கே கோத்தகிரிக்குள் காய்ந்த ரோட்டில் ஒரு பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி அதைப் போக்கிவிடுங்கள், வளைவில் சாய்க்காமல். திங்கள் காலை மழை இருந்தால் அன்றைக்கும் பஸ்தான். வந்ததும் ஒரு வரி போடுங்கள்.

அரவேனு_டீச்சர் · திங்கள் காலை 8.35

வந்து சேர்ந்துவிட்டேன் ஐயா. மழை இல்லை, கொஞ்சம் மஞ்சு மட்டும். பின் சக்கரம் ஒரு தடவைகூட இழுபடவில்லை.